புதன்கிழமை மனைவியைக் காணோம்

இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ஃப்ராங்க்.

சிற்பி அலாங்பாவுக்கு லூக்கூ தரவேண்டிய பாக்கி அது. எட்டு மாதமாக அதில் ஒரு ஃப்ராங்க் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த விஷயத்தில் லூக்கூ ரொம்ப நாணயமானவன்!

புதன்கிழமை. உச்சிவெயில்.

முந்திரிக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது.

"உன் பொண்டாட்டி எங்கிட்ட இருக்கா."

துணிக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்த குரல்.

லூக்கூ நிமிர்ந்து பார்த்தான். அவன் மனைவி அமெனான், ஏழு மாத வயிற்றோடு, எதிரிலேயே வள்ளிக்கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

"ராங் நம்பருங்க. எம் பொண்டாட்டி இங்கதான் இருக்கா."

"நான் சொல்றது இன்னொருத்திய..."

உலக்கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி இடித்தது.

லூக்கூ படுக்கையறைக்குள் பாய்ந்தான்.

மூலை காலி!

அவள் இல்லை. அவள் இடுப்புத் துணி இல்லை. அவள் சாப்பாட்டுக் கிண்ணம்கூட இல்லை.

முழங்கை உயர மரப்பெண் அவள். பிறப்பதற்கு முன் இருந்த ஆவி உலகத்தில் லூக்கூ விட்டுவிட்டு வந்த மனைவி. கவனிக்காமல் விட்டதில் அவளுக்குக் கோபம். அதனால்தான் அமெனானுக்கு இரண்டு கரு நிற்கவில்லை என்று குறிசொல்கிறவள் சொன்னாள். அவள் வந்து உட்கார ஓர் உடம்பு வேண்டும். அலாங்பா செதுக்கிக் கொடுத்தார். புதன்கிழமை ராத்திரி அவளுக்கு. அன்றைக்கு அமெனான் பக்கத்துக் குடிசையில் படுப்பாள். அவள் வந்த மறுமாதமே அமெனானுக்கு மசக்கை.

இப்போது அவளைக் காணோம். வயிற்றில் ஏழு மாதம்...

"இருபத்தேழாயிரத்து ஐந்நூறு," என்றது போன். "சாயங்காலத்துக்குள்ள. வேணும்னா போலீசுக்குப் போ. மரத்தைக் கடத்திட்டாங்கன்னு எழுதிக் குடு. ஸ்டேஷனே சிரிக்கும்."

இரண்டு இருமல். லைன் கட்டானது.

லூக்கூ விஷயத்தைச் சொன்னான். அமெனான் அழவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பணம் ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

"சத்தியமா ஒரு ஃப்ராங்க் இல்ல."

"இல்லேன்னா இல்ல," என்று உலக்கையை ஓங்கிப் போட்டாள்.

லூக்கூ சொன்னது பொய். பணம் இருந்தது! முப்பத்தோராயிரம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் போட்டுக்கொள்ள ஒரு கோட்டுக்கும் கூர்மூக்கு ஷூவுக்கும் சேர்த்தது. ஊரில் எவனும் கைவைக்காத இடத்தில் ஒளித்திருந்தான்.

மரப்பெண்ணின் இடுப்புத் துணிக்குள்!

கடத்தியவன் கையிலேயே பணயத்தொகை. இப்படி ஒரு புத்திசாலியை எந்த ஊர் பெற்றிருக்கும்?

அவன் சந்தேகம் சிதிகி மேல் விழுந்தது. தார் ரோட்டோரம் கடை போட்டு, பழைய முகமூடிகளையும் பொம்மைகளையும் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறவன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்குவதென்றுதான் லூக்கூ போனான். சிதிகி ஆறடி. ஆகவே, வணக்கம் சொன்னான்.

சிதிகி முழுக்கதையையும் கேட்டான். தேயிலைத் தண்ணீரில் ஒரு புது முகமூடியை முக்கி அதற்கு நூறு வயசு ஏற்றிக்கொண்டே கேட்டான்.

"தம்பி, உன் பொண்டாட்டிக்கு எட்டு மாசம்தான் ஆகுது. கை பட்டுப் பட்டு ஏறுற மெருகு இன்னும் ஏறல. சும்மா குடுத்தாலும் வேணாம். உன் பேரன் காலத்துல வா, விலை பேசுவோம்."

வீட்டுப் பெண்ணை ஒருத்தன் இப்படி மட்டம்தட்டினால் ரோஷம் வரத்தான் செய்யும். லூக்கூவுக்கும் வந்தது. முழுங்கினான்.

"துணி எங்க?" என்றான் சிதிகி.

"அதையும் கொண்டுபோயிட்டான்."

"அப்போ என்னை மாதிரி ஆளு இல்ல. நானா இருந்தா துணிய அங்கயே உருவிப் போட்டிருப்பேன். துணி கட்டியிருந்தா வெள்ளைக்காரன் வாங்கமாட்டான். அடுத்தவன் பொண்டாட்டி துணியத் தொடக் கூச்சப்படுறவன், சோத்துக் கிண்ணத்தோட கூட்டிட்டுப் போறவன்... உங்க ஜனம்தான். ஆமா, அதென்ன ஐந்நூறு? எந்தத் திருடன் சில்லறையோட கேப்பான்? நீ யாருக்கு அவ்வளவு பாக்கி?"

லூக்கூவின் மண்டையில் இரண்டு இருமல் கேட்டது.

மரத்தூள் இருமல்!

அலாங்பா மரத்தடியில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள். துணி கலையவில்லை. முன்னால் கிண்ணத்தில் மசித்த கிழங்கும் முட்டையும்.

"குரலை மாத்துனீங்க அண்ணே, இருமலை மாத்தலியே."

"வாய்யா மாப்பிள்ளை," என்றார் அலாங்பா, கொஞ்சமும் அசராமல். "பாக்கி வெச்சுக் கூட்டிட்டுப் போன பொண்ணு எத்தனை நாள் உன் வீட்டுல தங்குவா?"

லூக்கூ அவள் இடுப்புத் துணியைப் பார்த்தான். கோட்டு கண்முன் வந்தது. ஷூ வந்தது. பிறகு ஏழு மாத வயிறு வந்தது. கோட்டும் ஷூவும் தோற்றன.

"அவகிட்ட தனியா ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

அலாங்பா மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்.

லூக்கூ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துணியைத் தளர்த்தினான். விரலை விட்டான்.

வெறும் மரம்!

மறுபடி துழாவினான். வெறும் மரமேதான்.

"அண்ணே... பணத்தைக் காணோம்..."

அலாங்பா இருமி இருமிச் சிரித்தார்.

காலையில் அமெனான்தான் அவளைத் தூக்கி வந்தாளாம். கடன் தீராமல் அவள் வீட்டிலிருப்பது பிள்ளைக்கு ஆகாது, அடகாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் கிளம்பினாளாம். முதுகில் வைத்துக் கட்டும்போதே துணியிலிருந்து நோட்டு நோட்டாக உதிர்ந்ததாம்.

"பாக்கிய இங்கயே எண்ணிக் குடுத்துட்டா. போன் பண்ணச் சொன்னதும் அவதான்யா. பணம் இருக்குன்னு உன் வாயால சொல்றியான்னு பாக்கணுமாம்."

அவன் கடன் கணக்காக அலாங்பா வாசல் கட்டையில் கரியால் இழுத்திருந்த கோடுகள் அழிக்கப்பட்டிருந்ததை லூக்கூ அப்போதுதான் பார்த்தான். கடன் காலையிலேயே தீர்ந்திருக்கிறது. கடன்காரனுக்குத்தான் தகவல் இல்லை!

போன் அடித்தது. அமெனான்.

"அவளைப் பத்திரமா கூட்டிட்டு வா. இன்னிக்கு அவ நாளு. நான் அந்தக் குடிசையில படுத்துக்கிறேன்."

"கோட்டுக்குச் சேத்த பணம்... மீதி மூவாயிரத்து ஐந்நூறு...?" என்று இழுத்தான் லூக்கூ.

"பிள்ளைக்குத் துணி வாங்கியாச்சு. அவளுக்கும் ஒரு துணி, பை தெச்சு. இனிமே அவ பணத்தை அவளே வெச்சுக்குவா."

லூக்கூ மரப்பெண்ணைப் பார்த்தான். உதட்டோரம் லேசாகச் சிரிப்பதுபோலத்தான் அலாங்பா செதுக்கியிருந்தார். இத்தனை நாளாக அது அன்பு என்று நினைத்திருந்தான்!

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினான். அலாங்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ரெண்டு பொண்டாட்டியும் சண்டை போட்டா புருஷனுக்குத் தலைவலி மட்டும்தான்யா. இப்ப ராசியாயிட்டாளுங்க, காசெல்லாம் அவங்க பையில... இனி உனக்குக் கோட்டு எதுக்கு?"