தண்டலின் முகம்

வேனை விட்டு இறங்கியதும் பிரிஜிட் முதலில் மூக்கைத்தான் பொத்திக்கொண்டாள்.

மலாக்காவின் நியாலாஸ் ஊரிலிருந்து உள்ளே ஆறு மைல். பாதித் தோட்டம் செம்பனையாக மாறிவிட்டது. மீதிப் பாதியில் வெட்டுவாரில்லாத கிழட்டு ரப்பர் மரங்கள். அவற்றுக்கு நடுவே ஜன்னல் இல்லாத ஒரு செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகைபோட்ட ஸ்மோக் ஹவுஸ். மூடிப் பத்து வருஷம் ஆகிறது என்றார்கள். வாடையைக் கேட்டால் நேற்று மூடினது என்றுதான் சொல்லும். மரத்தில் வடிந்து உறைந்து, வெயிலில் புழுத்த ஒட்டுப்பால் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று, கருகிய மயிர் மாதிரி.

"எலி கிலி செத்துக் கிடக்கா சேகர்?"

"பழைய ரப்பர் அக்கா. கேமராவுல வாடை விழாது லா," என்று சிரித்தான் சேகரன்.

சேகரன் கல்யாண வீடியோ எடுப்பவன். அந்த 1994 தீபாவளிக்குள் சொந்தமாக ஒரு வீடியோ படம் எடுத்து, கேசட் போட்டுவிட வேண்டும் என்று வெறியாக இருந்தான். அக்காவைக் கொன்றவனைத் தேடி வந்து தங்கை சிலம்பத்தால் பழிதீர்க்கும் கதை. படம் முழுக்க வெள்ளை. வெள்ளை உடை, வெள்ளைப் பூ, ஸ்மோக் ஹவுஸுக்குள் ஷீட்டுகள் தொங்கிய கம்பிகளில் நாற்பது முழ வெள்ளைத் துணிகள். "ரத்தம் மட்டும்தான் அக்கா கலர். ஒவ்வொரு அடியும் டான்ஸ் மாதிரி இருக்கணும்," என்று மேக்கப்புக்கு அவளைக் கூப்பிட வந்த அன்றே சொல்லியிருந்தான்.

பிரிஜிட் மலாக்கா டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால், கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற கடை வைத்திருந்தாள். பவுடரும் மல்லிகையும் பழகிய மூக்கு. இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டது தாரணிக்காக. சுங்கை ரம்பாய்ப் பெண், சிலம்பத்தில் மாநில அளவில் ஜெயித்தவள், இருபத்திரண்டு வயது. அவள்தான் கதாநாயகி. "ஆம்பளைங்க கூட்டத்துல தனியா விட மனசில்ல, நீங்க கூட இருங்கக்கா," என்று அவள் அம்மா வந்து கெஞ்சியிருந்தாள்.

முதல் நாளே வில்லன் நடிகர் வரவில்லை. சேகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, கட்டடத்துப் பூட்டைத் திறந்துவிட வந்த கிழவர் அவன் கண்ணில் பட்டார்.

காளிமுத்து. அந்தத் தோட்டத்தின் பழைய தண்டல். பால் வெட்டுகிறவர்களை மேய்த்து வேலைவாங்கிய அதிகாரி. அறுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. கல்லில் கொத்தினதுபோல முகம்.

"ஐயா, நடிக்கிறீங்களா?"

"நடிக்கிறதுக்கு என்ன," என்றார் காளிமுத்து. "அதிகாரம் பண்ணத்தானே வேணும்?"

அவர் பிரிஜிட்டின் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் துடைக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அவர் கன்னம் அவள் விரலுக்குக் கீழே ஊறின மாவுபோல அமுங்கியது. கையை உடனே கழுவ வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"கதையில சாகப்போற அந்த அக்கா பொண்ணு உங்களைக் கத்தியால கீறுது," என்றாள், பிரஷ்ஷை எடுத்து.

"கத்தி எங்கேருந்து வரும்? நகம்தான்," என்றார் அவர். "மூணு கோடு போடு. கண்ணுக்குக் கீழே ஆரம்பிச்சு தாடை வரைக்கும். நடுக்கோடு ஆழமா இருக்கட்டும்."

சேகரன் கைதட்டினான். "ஐயா, ஐடியா சூப்பர்!"

கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளை இழுத்துப் போகும்போது வாயைப் பொத்தக் கூடாதாம், தலைமயிரைத்தான் பிடிக்க வேண்டுமாம். கதவைச் சாத்தினதும் கத்த மாட்டாளாம், முதலில் உள்ளேயிருந்து சுரண்டுவாளாம். அப்புறம் விறகை மூட்டிவிட வேண்டும். "ஜனங்க கேட்டா சிங்கப்பூருக்கு ஓடிப்போயிட்டான்னு சொல்லணும். நம்பிருவாங்க."

சேகரன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிரிஜிட் சிரப்பிலும் சோளமாவிலும் காய்ச்சிய பொய் ரத்தத்தை மூன்று கோட்டிலும் தடவினாள். ஈ மொய்த்தது. அவர் ஓட்டவில்லை.

மறுநாள் காலையில், துடைத்து அனுப்பிய அதே கன்னத்தில் மூன்று சிவந்த தடிப்புகள். அவள் போட்ட இடத்திலேயே.

"உன் பெயிண்ட் சேரல," என்றார் காளிமுத்து.

"அப்ப அந்தப் பக்கக் கன்னத்துல போடறேன் ஐயா."

"அக்கா, நேத்து எடுத்தது இடது கன்னம். மாத்தினா சீன் ஒட்டாது," என்று கத்தினான் சேகரன்.

தடிப்பின் மேலேயே போட்டாள். பிரஷ் தானாகவே இறங்கியது. யாரோ மணிக்கட்டுக்கு அடியில் கைகொடுத்து நகர்த்துவதுபோல. அந்தக் கை சில்லென்று இல்லை, சுட்டது.

மூன்றாம் நாள் தோல் பிளந்திருந்தது.

ரத்தம் இல்லை. சீழும் இல்லை. பிளவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ துளிர்த்து, பால்மரத்தில் கத்தி பட்ட இடம்போல, கோட்டுவழியே மெதுவாக இறங்கித் தாடையில் சொட்டியது. காற்றுப் பட்டதும் கெட்டியாகித் தோலோடு ஒட்டியது. பிரிஜிட் பஞ்சால் எடுக்கப் போனாள். அது நூலாக நீண்டு வந்தது. நூலின் நுனியில் ஒரு மயிர். நீளமான, கருத்த, பெண்பிள்ளை மயிர்.

வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

தாரணி வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

சேகரன் மட்டும் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தான். "அக்கா, தொடைக்காதீங்க! இந்த மாதிரி மேக்கப்பை யாராலயும் போட முடியாது. ஐயா, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்க. வலிக்குதா? அந்த வலியை அப்படியே காட்டுங்க."

புண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை வைத்து அவன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டதைப் பார்த்தபோது, கிழவரைவிட இவன் மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு வந்தது.

மத்தியானம் சோறு கொண்டுவந்தவள் மாரியம்மா. தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் காலி பண்ணாமல் இருந்த நாலு குடும்பங்களில் ஒருத்தி. பிரிஜிட் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்கேருந்து யாராச்சும் சிங்கப்பூருக்கு ஓடிப்போனாங்களாம்மா?"

மாரியம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ராஜம்மா. எங்கூட ஒரே நெரையில பால் வெட்டினவ. முப்பது வருசம் இருக்கும். ஓடிப்போயிட்டான்னு தண்டல்தான் வந்து சொன்னாரு. மூஞ்சியில துணி கட்டியிருந்தாரு, முள்ளு கீறிருச்சுன்னு."

"தேடலையா?"

"யாரு தேடுறது? புருசன் செத்துட்டான், புள்ளை இல்ல." அவள் ஸ்மோக் ஹவுஸ் பக்கம் பார்க்காமலே பேசினாள். "ஆனா அந்த வாரம் புகைபோட்ட ஷீட்டு அம்புட்டும் வீணாப் போச்சு. வாடைன்னா அப்படி ஒரு வாடை. துரை எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிட்டாரு. சாம்பலைத் தண்டலே நின்னு அள்ளிக் கொட்டினாரு. வேற ஆளைக் கிட்ட விடல."

பிரிஜிட் சோற்றைத் தொடவில்லை. நேரே சேகரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாயில் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

"நெஜமாவா அக்கா?"

"நெஜம்தான். ஜாசின் போலீஸ்ல போய்ச் சொல்லணும்."

"சொல்லலாம், சொல்லலாம். படம் முடியட்டும்." அவன் கண் மின்னியது. "உண்மைக் கதைன்னு அட்டையில போடலாம் லா."

அவள் அவன் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். தாரணி பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பி வந்துவிட்டாள்.

"கிளம்பிடலாமா?" என்று தாரணியிடம் கேட்டாள்.

"நாளைக்கு ஒரே ஒரு சீன்தான் அக்கா. முடிச்சுட்டா இந்த மூஞ்சிங்களைப் பார்க்கவே வேணாம். நீங்க மட்டும் பக்கத்துல இருங்க."

நாலாம் நாள். கிழவரின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்தார்.

"ம், கோட்டைப் போடு."

"ராஜம்மா யாரு ஐயா?" என்றாள் பிரிஜிட்.

திறந்திருந்த ஒற்றைக் கண் அவள் பக்கம் திரும்பியது. பிறகு உதடு கோணச் சிரித்தார்.

"கதையில வர்ற பொண்ணுக்கு நல்ல பேருதான். வெச்சுக்கச் சொல்லு."

அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. அன்று மணிக்கட்டுக்கு அடியில் எந்தக் கையும் வரவில்லை. அவளே, அவள் கையாலேயே, மூன்று கோட்டையும் அழுத்திப் போட்டாள்.

காட்சி எளிதானது. தாரணி சிலம்பத்தால் அடித்து அடித்துக் கிழவரை ஸ்மோக் ஹவுஸுக்குள் தள்ள வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்ட வேண்டும். கேமரா வெளியே கதவைப் பார்த்தபடி நிற்கும்.

பன்னிரண்டு மணி வெயில். இலை அசையவில்லை.

கம்பு சுழன்ற வேகத்தில் வெள்ளைப் பாவாடை பூவாக விரிந்தது. கிழவர் பின்னோக்கியே நகர்ந்து படியேறி, தொங்குகிற துணிகளுக்கு நடுவே போய் நின்றார். கதவைச் சாத்தப் போன தாரணி சட்டென்று நின்றாள்.

"அக்கா," என்றாள், உதடு அசையாமல். "துணிக்குக் கீழே பாருங்க."

பிரிஜிட் பார்த்தாள். துணிகளின் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் கிழவரின் பூட்ஸ் கால்கள்.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கால்கள்.

வெறுங்கால்கள். கரி பிடித்தவை.

"கதவைச் சாத்து!" என்று கத்தினான் சேகரன்.

தாரணி பயத்தில் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் தொடாத கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

சேகரன் படம்பிடித்துக்கொண்டே இருந்தான். தட்டல் இடியாக மாறியது. பிறகு நின்றது.

பிறகு சுரண்டும் சத்தம்.

கீழேயிருந்து மேலே. மேலேயிருந்து கீழே. மரத்தில் நகம்.

"கட்," என்றான் சேகரன். "ஐயா, போதும்."

சுரண்டல் நிற்கவில்லை.

பிரிஜிட் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அது தாழிட்டிருக்கவேயில்லை, விரல் பட்டதும் திறந்துகொண்டது. விறகு இல்லாத அந்த இடத்திலிருந்து அடுப்பைத் திறந்ததுபோல அனல் வந்தது.

காளிமுத்து கதவுக்குப் பக்கத்தில் இல்லை. பதினைந்து அடி தள்ளி, நடுக்கூடத்தில், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து நின்றிருந்தார். சுரண்டினது அவர் இல்லை. அவருடைய முகம் முழுக்க வெள்ளையாகப் பால் வடிந்து, வாயையும் மூக்கையும் மூடிக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைத் தோலுக்கு அடியில் வாய் திறந்து திறந்து மூடியது.

பிரிஜிட் கையாலேயே அதைப் பிய்த்தாள். சவ்வு சவ்வாக வந்தது. அருவருப்பில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் மூச்சுக்கு வழி கிடைக்கும் வரை விடவில்லை.

மூச்சு வந்ததும் கிழவர் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"கதவைத் தொறந்துட்டேன்னு சொல்லு. அவகிட்ட சொல்லு, தொறந்துட்டேன்னு."

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்தார். ரத்தத்தில் கிருமி என்று எழுதினார்கள்.

பிரிஜிட் ஜாசின் போலீஸில் போய்ச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு, செத்தவர் மேல் யாரம்மா கேஸ் போடுவது என்று திருப்பிக் கேட்டார்.

சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தது. காளிமுத்துவின் மனைவி சுப்பம்மா அனுப்பியிருந்தாள். "ஜனங்க வந்து பார்ப்பாங்க. அந்த மூஞ்சியை எப்படிம்மா காட்டுறது? கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க." ஒன்றும் அறியாத அந்தக் கிழவிக்காகத்தான் பிரிஜிட் போனாள்.

மூடியிருந்த துணியை விலக்கினாள். அவளுக்கு வேலையே இல்லை. கன்னம் சுத்தமாக இருந்தது. புண் இல்லை, தழும்பு இல்லை, வாடைகூட இல்லை. குழந்தை முகம்போல வழவழவென்று கிடந்தது. சுப்பம்மா ஆறுதலில் அழுதாள். பிரிஜிட் துணியைத் திரும்ப இழுத்து மூடினாள். இவரை விட்டுவிட்டுப் போனது எங்கே போயிற்று?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பந்தலடியில் சேகரன் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"அக்கா, இன்னும் நாலு ஷாட் பாக்கி. ஐயா சட்டையை நானே போட்டுக்கறேன். முதுகை மட்டும் காட்டினா யாருக்குத் தெரியும்? நாளைக்கு வாங்க."

"மனுசனா நீ?"

"கதவுச் சீனை நேத்து போட்டுப் பார்த்தேன் அக்கா. அந்தச் சுரண்டுற சத்தம்... அப்படியே விழுந்திருக்கு. திரும்பத் திரும்பப் போட்டேன்." சொல்லிக்கொண்டே அவன் இடது கன்னத்தைப் புறங்கையால் தேய்த்தான். "என்ன வேர்வை இது."

பிரிஜிட் பார்த்தாள். தாடி மயிருக்கு ஊடே, கண்ணுக்குக் கீழே தொடங்கி, மூன்று மெல்லிய கோடுகள்.

அவள் போடாத கோடுகள்.

பெட்டியைத் திறந்து ஒரு பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக் கன்னத்தில் ஒற்றி எடுத்தான்.

பஞ்சுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை நூல் நீண்டது. அவன் கையை இழுக்க இழுக்க அதுவும் நீண்டுகொண்டே போனது.