குரல் காத்திருந்தது

பதிவில் இடைவெளி நாலு எண்ணும் நேரம்தான். சாத்தானாக நடிப்பவன் காய்ச்சலில் படுத்ததிலிருந்து பதிவு செய்த அவன் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுத்தான் மதியக் காட்சியை ஒப்பேற்றுகிறார்கள். "எதைத் தருவாய்?" என்று குரல் கேட்கும். நாலு எண்ணுவதற்குள் பாடகி, "எனக்குப் பிரியமானதை" என்று பாடிவிட வேண்டும். இன்று தொண்டை அடைத்து ஏழு வரை போய்விட்டது. ஆனாலும் குரல் அவளுக்காகக் காத்திருந்தது.

நாடகம், சாத்தானிடம் ஆன்மாவை விற்றவனின் பழைய கதைதான். இவர்கள் அதை மதுக்கூடத்துப் பாட்டும் ஆட்டமுமாக்கி, நல்ல குரலுக்காகத் தன்னை விற்கும் பாடகியின் கதையாக மாற்றியிருந்தார்கள். ஒத்திகையில் 'எனக்குப் பிரியமானதை' என்ற வரி உப்புச்சப்பில்லாமல் இருந்தது. நிஜமாகவே பிரியமான ஒன்றை நினைத்துக்கொண்டு பாடச் சொன்னார் இயக்குநர். அவள் தன் ஏழு வயது மகளை நினைத்தாள். வீட்டில் ஆளில்லாததால் ஒப்பனை அறையில் படம் வரைந்துகொண்டிருக்கும் மகள். கண்ணீர் தானாக வந்தது. அன்றிலிருந்து எட்டாத சுரமெல்லாம் எட்டியது. பாவி, அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளையில், பதிவு ஏன் நின்று ஓடியது என்று சவுண்டுக்காரனைக் கேட்டாள்.

"அது முந்தாநாளே கெட்டுப்போச்சேக்கா. பியானோ அண்ணன்தான் மைக்ல பாடுறார்னு நெனச்சேன்."

பியானோக்காரர் தான் வாயே திறக்கவில்லை என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஒப்பனை அறைக்கு ஓடினாள். பவுடர் வாசனைக்கு நடுவே ஏதோ கருகிய வாடை. மகள் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஒருத்தர் வந்து என் பேரக் கேட்டாரும்மா. சொல்லிட்டேன்."

"எப்படி இருந்தார்?"

"நல்லாக் குனிஞ்சாரு. அப்பவும் மொகம் தெரியல."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா? எங்கே ஓடினாலும் கொடுத்தது கொடுத்ததுதானே. நாடகத்தின் கடைசிப் பாட்டில் சாத்தான் வாங்க வருவான். கொடுத்த மேடையிலேயே மறுத்துவிட வேண்டும். மகளைச் சவுண்டுக்காரனிடம் ஒப்படைத்து, மேடை ஓரத்தில் தன் கண்ணில் படும்படி நிற்கச் சொன்னாள். பிடித்த கையை எதற்கும் விடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

கடைசிப் பாட்டு. மேசை விளக்குகள் சிவந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது.

"வாங்கிக்கொள்ளட்டுமா?"

ஒன்று. இரண்டு. மகள் அங்கேதான் நிற்கிறாள். மூன்று.

தர மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. சுரம் வந்தது. உச்சத்தில், பிசிறில்லாமல், இதுவரை அவள் பாடியதிலேயே இனிமையாக. மூச்சு தேவைப்படவில்லை. வாயை மூட முடியவில்லை.

அரங்கம் எழுந்து நின்றது. ஓரத்தில் சவுண்டுக்காரனும் மெய்ம்மறந்து கைதட்டினான்.

இரண்டு கைகளாலும்.

அவனுக்குப் பின்னால் மகள் பின்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேல் நேராக உயர்ந்திருந்தது. விரல்கள் எதையோ பற்றியிருந்தன. கால் நுனி மட்டும் தரையில் பட்டது. பக்கத்தில் யாரும் இல்லை.

கதவருகே திரும்பி, பாடும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா பாடிக்கொண்டே இருந்தாள்.