பெயர் கூப்பிட்டுப் பூட்டிய மைதானம்

"நீ கூப்ட்டப்போ அவரு பதில் சொன்னாரா இல்லியா? அத்த மட்டும் சொல்லுண்ணே."

"சொன்னான்மா. என் காதால கேட்டேன். ‘வந்துட்டேன்’னான். அப்பாலதான் கேட்டைப் பூட்டுனேன்."

"அப்ப கடையாண்ட ஏன் வேன்லேருந்து எறங்கல? பிரியாணின்னா மொத ஆளா குதிக்கிறவரு."

வரதன் பூட்டை இழுத்துப் பார்த்தான். அவன் கால்பந்து அணித் தலைவன். எதிரே நிற்பவள் கோல்கீப்பர் ஜோஷ்வாவின் மனைவி ஹெலன். கும்மிடிப்பூண்டி மைதானத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே இருவரும் நின்றிருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆலைப் புகை புல்வெளியின் மேல் கொசுவலை போலத் தொங்கியது. ரசாயன வாடையோடு ஈர மண்ணின் வாசனையும் வந்தது. மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

இரும்பாலைத் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்த கையோடு செங்கல் சுமந்து கட்டிய கேலரி அது. அவர்களுடைய கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து நிற்க, தலைவன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். கடைசி ஆளும் "வந்துட்டேன்" என்ற பிறகே பூட்டு விழும்.

எட்வர்ட் என்ற பழைய கோல்கீப்பரால் வந்த வழக்கம். ஒரு மழை நாளில், வலையை அவிழ்க்கத் திரும்பிப் போனவனை மறந்து பூட்டிவிட்டார்கள். அறுந்த மின்கம்பி வலையில் விழுந்திருந்தது. மறுநாள் வலையைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தான்.

அன்றிலிருந்து அவன் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பதில் வராது. "நீ உள்ளயே இருண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள்.

இன்று நடந்தது கடைசி ஆட்டம். நாளை கேலரியை இடித்துக் குடோன் கட்டப்போகிறார்கள்.

"இன்னிக்கு எட்வர்ட் அண்ணன்கிட்ட நான் அப்டி சொல்லலம்மா," என்றான் வரதன் மெல்ல. "நாளைக்கு அந்தாளு எங்க போவாருன்னு மனசு கேக்கல. ‘நீயும் வந்துடுண்ணே’ன்னுட்டேன்."

ஹெலன் கேட் கம்பி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். வரதன் தொடர்ந்தான்.

"வேன்ல கடைசி சீட்ல ஒருத்தன் தலையத் தொங்கப் போட்டுக்கினு குந்தினு இருந்தான். ஜோஷ்வான்னு நெனச்சேன். எறங்கும்போது ஆளக் காணோம். சீட்டு மட்டும் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு."

"கேட்டைத் தொறண்ணே."

திறந்தான்.

கேலரி காலி. மைதானம் காலி. தூரத்து கோல் கம்பத்தில், ஆட்டம் முடிந்ததும் அணியினரே அவிழ்த்துச் சுருட்டி வைத்த வலை மறுபடியும் கட்டியிருந்தது.

காற்று இல்லை.

வலை மட்டும் புடைத்திருந்தது, உள்ளேயிருந்து யாரோ சாய்ந்திருப்பது போல.

ஹெலன் ஓடினாள். வலையை இரு கைகளாலும் பற்றினாள். அதற்குள் யாரும் இல்லை. அவள் கன்னத்தருகே மூச்சு மட்டும் பட்டது.

"ஹெலன், அண்ணனை என் பேரைக் கூப்புடச் சொல்லு. வெளியே நின்னு கூப்ட்டாதான் வர முடியும்."

ஜோஷ்வாவின் குரல்.

"அவரு பேரைக் கூப்புடுண்ணே!" அவள் அலறியது மைதானம் தாண்டிக் கேட்டது.

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த வரதன் நெஞ்சு வெடிக்கக் கத்தினான்.

"ஜோஷ்வா!"

"வந்துட்டேன்."

பதில் உள்ளேயிருந்து வரவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், வெகு அருகில் வந்தது. கூடவே நனைந்த ஜெர்சியின் வாடை. மண்ணில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம்.

வரதன் திரும்பவில்லை. மைதானத்தில், ஹெலனின் கைகளுக்குள் வலை மெதுவாகத் தளர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஜோஷ்வாவின் குரல் தேய்ந்து கேட்டது.

"அண்ணே, அது நான் இல்லண்ணே. இன்னொரு தபா கூப்புடுண்ணே..."