சூப்பில் ஒரு வாய் ஒயின்

ட்ரிங்... ட்ரிங்...

ஒதீல் போனை எடுத்தாள். அடுப்பில் பூண்டு சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான்தான் கஸ்பார். வாசல்ல நிக்கிறேன். உங்க நாய் உள்ள விடமாட்டேங்குது!"

"அது ஆளைப் பார்த்துதான் குரைக்கும்!"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இதோ வர்றேன்."

போன அறுவடையில் அவள் கணவன் ரெமி திராட்சைத் தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தான். பழம் புளிக்கும்போது எழும் காற்று ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் இறங்கும் முன் எரிகிற மெழுகுவர்த்தியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். சுடர் அணைந்தால் இறங்கக்கூடாது. ஒயினுக்கே பேர்போன போயாக் ஊரில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ரெமியின் பித்தளை மெழுகுவர்த்திக் கூடு மட்டும் கிடைக்கவே இல்லை.

'குடிச்சிட்டு, மெழுகுவர்த்தி இல்லாம இறங்கிட்டான், முட்டாள்!'

ஊரே சிரித்தது. முதலில் சொன்னது யார்? பக்கத்துத் தோட்டக்காரன் கஸ்பார். ரெமியின் உயிர் நண்பன்!

போன உயிர் திரும்பாது. ஆனால் அந்தப் பழியைக் கஸ்பாரின் வாயாலேயே துடைக்க வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள் ஒதீல்.

"தோட்டத்தை எனக்கே தர்றதா முடிவு பண்ணிட்டீங்க போல..." கஸ்பார் இளித்தபடி உட்கார்ந்தான்.

"முதல்ல சாப்பாடு. அப்புறம் பேச்சு."

மேஜையில் பாட்டிலைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. ரெமி தன் கையால் போட்ட முதல் சிவப்பு ஒயின்!

"அடடா! இதுக்கு இளம் ஆட்டுக்கறிதான் ஜோடி!"

"திராட்சைக் குச்சித் தணல்ல வாட்டிக்கிட்டு இருக்கேன். வாசனை வரலையா?"

வந்தது. ஆனாலும் அவன் கோப்பையைத் தொடவில்லை. அவளையே பார்த்தான்.

"பயமா கஸ்பார்?" ஒதீல் சிரித்துவிட்டு ஒரு மடக்குக் குடித்தாள். சூப்பையும் இரண்டு கரண்டி குடித்தாள்.

அதன் பிறகே அவன் கை நீண்டது. அப்புறம் என்ன, காணாததைக் கண்டவன் மாதிரி சாப்பிட்டான்.

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சூப் மிச்சம்.

ஒதீல் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவன் கை தானாகக் கோப்பையை எடுத்தது. ஒயினைச் சூப்பில் ஊற்றினான். ஒரு சுற்றுச் சுற்றி, கிண்ணத்தோடு தூக்கி மடமடவெனக் குடித்தான்!

"மன்னிக்கணும். இவ்வளவு நல்ல ஒயினை இப்படிக் கலக்கக்கூடாது. ஆனா கடைசி வாய்ச் சூப்புல ஒயின் ஊத்தி சப்ரோ பண்ணலேன்னா எனக்கு சூப் குடிச்ச மாதிரியே இருக்காது!"

"தெரியும். ரெமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

அவள் குரல் மாறியது.

"பாதி சூப்புல இருக்கு. பாதி ஒயின்ல இருக்கு. தனித்தனியா குடிச்சா ஒண்ணும் ஆகாது. சூட்டுல ரெண்டும் சேர்ந்தாதான்..."

"எ... என்ன சேர்ந்தா?"

"நாக்கு மரத்துப் போகும். நெஞ்சு படபடக்கும்."

படபடத்தது!

"அடிப்பாவி! என்னடி கலந்தே?!" நாற்காலி சரிந்தது.

ஒதீல் அலமாரியிலிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"மாத்து மருந்து. அந்தக் கூடு எங்கே?"

"எந்தக் கூடு?"

"சரி. செத்துப்போ!" ஜன்னலைத் திறந்து புட்டியைச் சாய்த்தாள்.

"வேணாம்! ஊத்தாதே! கிணத்துல... உங்க பின்பக்கத்துப் பாழுங்கிணத்துல போட்டேன்!"

"ஏன்?"

"மெழுகுவர்த்தி விட்டுப் பார்த்தேன்... உடனே அணைஞ்சுது. நல்லா எரியுது, இறங்குடான்னு சொன்னேன். என்னை நம்பி இறங்கிட்டான்... தோட்டம் வேணும்னு ஆசை! குடுடி அந்த மருந்தை!"

ஒதீலின் கண்ணிலிருந்து பொலபொலவென நீர் வழிந்தது. ரெமி முட்டாள் இல்லை. நண்பனை நம்பியவன்!

சமையலறைக் கதவு திறந்தது. சார்ஜண்ட் லகார்த், கையில் விலங்கோடு!

"எல்லாம் காதுல விழுந்துது மதாம். கிணத்துக்கு ஆள் இறக்கிடலாம்."

"முதல்ல மருந்து! நான் சாகப்போறேன்!" கஸ்பார் அலறினான்.

ஒதீல் புட்டியை அவன் முகத்தில் கொட்டினாள். வெறும் தண்ணீர்!

"விஷமா? ரெமி போட்ட ஒயின்ல நான் விஷம் கலப்பேனா? அதைச் சூப்புல கலந்தவன் நீ! அதுக்கே உன்னை உள்ள தள்ளலாம்!"

விலங்கு பூட்டப்பட்டது. அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிய சார்ஜண்ட், மூக்கை உறிஞ்சினார்.

"வாசனை ஆளைத் தூக்குது மதாம்..."

"உட்காருங்க. ஆட்டுக்கறி இருக்கு, ஒயின் இருக்கு..." என்றாள் ஒதீல். "சூப் மட்டும் கேட்காதீங்க!"