குரங்குக்குப் போட்ட வெடி

விவேகானந்தன் வீட்டுக்கு ஓடிவந்த ஷாமலா, கதிரையில் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"சேர், எங்க மாமனார் ஹென்றி எட்டரைக்கு மடுல்கெல்லையில சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு எறங்கினாரு. மணி ரெண்டாச்சி, போய்ச் சேரல்ல. ஃபோன் மேசையில கெடக்கு. சீனி வியாதிக்காரர் சேர், மருந்த மட்டும் போட்டுக்கிட்டு சாப்பிடாமப் போயிட்டாரு. தேடலாம்னா ஸ்கூட்டி கராஜுக்குள்ள. அந்தக் கதவும் தொறக்குதில்ல!"

காப்புறுதிக் கம்பனிக்கு விபத்துகளை விசாரித்தே தலை நரைத்த விவேகானந்தன் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள் மதனிக்கு எங்கே பொறுமை? எந்த வழக்கையும் முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவாள்.

"வீட்டில ஏதும் சண்டையோ அக்கா?"

ஷாமலாவின் முகம் சுருங்கியது. "நேத்து கராஜத் தொறந்து போட்டுட்டாரு. குரங்கு புகுந்து அரிசி மூட்டையக் கிழிச்சிருச்சி. காலையிலயும் ஏசிட்டேன்."

"அப்ப கோவிச்சுக்கொண்டு போயிட்டார். பஸ் ஸ்டாண்டில விசாரிப்பம்." மதனி செருப்பைக்கூட மாட்டிவிட்டாள்.

"பொறு பிள்ளை. அந்தக் கதவு எப்பிடித் திறக்கேல்லை?"

மனிதரைக் காணவில்லை, இவருக்குக் கதவா பெரிது என்று மதனிக்கு எரிச்சல் வந்தது.

"ரிமோட்ட அமுத்தினா மோட்டர் ஓடுது சேர். கதவு அசையுதில்ல."

"அவரின்ரை குடை எங்க இருக்கும்?"

"கராஜுலதான்."

"காலையில எட்டரைபோல எங்கட வீதியில கரண்ட் போகேக்க ஏதும் சத்தம் கேட்டதோ?"

"யாரோ குரங்குக்கு வெடி போட்டாங்க. பெரிய சத்தம்."

"குரங்குகள் ஓடினதோ?"

"இல்லியே... பலாமரத்துல ஒக்காந்து தின்னுக்கிட்டுதான் இருந்திச்சி."

விவேகானந்தன் சட்டென்று எழுந்து வெளியே நடந்தார். அவர் அவசரப்பட்டு மதனி பார்த்ததேயில்லை. அவளும் பின்னால் ஓடினாள். மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

ஷாமலாவின் வீடு அதே வீதியில், நாற்பது படிக்கு மேலே. கராஜ் மட்டும் கீழே ரோட்டோரம், மேலே தூக்கித் திறக்கும் ஒற்றைத் தகரக் கதவோடு.

"வெடியெண்டால் குரங்கு நிக்காது," என்றார் நடந்தபடியே. "அது கதவின்ரை பாரத்தைத் தாங்கிற ஸ்பிரிங் அறுந்த சத்தம். மோட்டர் ஓடியும் கதவு வரேல்லை எண்டால், ரெண்டையும் இணைக்கிற கொளுவி கழண்டிருக்கு. அதைக் கழட்டுற கயிறு உள்ளுக்குத்தான் தொங்குது."

"அப்ப உள்ளுக்கு ஆர் மாமா?" மதனி கேட்டாள்.

"ஏச்சு வாங்கின மனிசன் இண்டைக்குக் கதவை மூடிப்போட்டுத்தானே குடையைத் தேடியிருப்பார்? மூடின கையோட கரண்ட் போச்சு. கயிறை இழுத்துப்போட்டுக் கதவைத் தூக்கியிருக்கிறார், ஸ்பிரிங் அறுந்திட்டுது. பிறகு அந்தப் பாரத்தை ஒரு ஆள் அசைக்கேலாது."

ஷாமலா ரோட்டிலேயே குந்திவிட்டாள். "ஐயோ மாதாவே! வெடிக்குப் பெறகு தகரத்துல டம் டம்னு கேட்டிச்சி. குரங்குன்னு நெனச்சி, 'சனியனே, ஒனக்குச் சாவு வராதா'ன்னு மேல இருந்து கத்தினேன். அதோட நின்னிருச்சி."

சந்தியில் நின்ற மூன்று த்ரீவீல்காரர்கள் இரும்புக்கம்பி போட்டு நெம்பினார்கள். கதவு ஒரு முழம் எழும்பியதும் மதனி ஊர்ந்து நுழைந்தாள். ஹென்றி சுவரோடு சரிந்து கிடந்தார், சட்டை வியர்வையில் ஊறி, உதடு வெளுத்து. மூச்சு இருந்தது. கடையிலிருந்து வந்த சீனித் தண்ணீரை மதனி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கனநேரம் கழித்துத்தான் கண் திறந்தது. அந்தக் கண் ஷாமலாவைத் தேடியது.

"இன்னைக்குக் கதவ மூடிட்டுத்தாம்மா உள்ள வந்தேன்," என்றார். "நீ ஏசினது கேட்டிச்சி. அதான் பெறகு தட்டல்ல."