ஏழாம் நம்பர் கதவு

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல வலித்தன. இரவெல்லாம் பஞ்சு மூட்டை பிரித்துப் போட்டவனுக்கு வேறெப்படி இருக்கும்? காலைச் சங்கு ஊதியதும் மில் கேட்டில் காத்திருந்த என் பெண்டாட்டி பொன்னாத்தாளைக் கூட்டிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மில் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீட்டு வரிசையில் ஏழாம் நம்பர் கதவைத் திறந்தேன். அது 1937, மாசி மாதம். அதுவரை கணபதி ஊரிலிருந்து தினமும் நடந்து வந்துகொண்டிருந்த எனக்கு மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்தது பெரிய காரியம்.

உள்ளே மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. மில்லில் வேலை செய்தவன் இருந்த வீடு, அடிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது வெள்ளியங்கிரி இருந்த வீடு. பஞ்சு சீவும் கார்டிங் மெஷினில் வேலை செய்தவன். இடதுகைக்காரன். எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். தினமும் உச்சி வேளையில் தன் வீட்டுக் கதவின் உள்பக்கத்தில், தார் பூசிய பலகையில், சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சொல் எழுதி வைப்பான். இடதுகையால் எழுதுவதால் உள்ளங்கை எழுத்தின் அடிப்பக்கத்திலேயே இழுபடும். சொல்லுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தீற்றல் இருந்தே தீரும். கற்றுக்கொள்ள வருகிறவன் அந்தச் சொல்லைப் பற்றிச் சிலேட்டில் பத்து வரி எழுத வேண்டும்.

"எழுதறதும் தண்ணி எறைக்கறதும் ஒண்ணுதான் கண்ணு. நாலு நாள் உட்டா ஊத்து தூந்துபோகும். தெனமும் எழுது. பாக்காதத மட்டும் எழுதாத" என்பான்.

நான் நாலு நாள் போவேன், பத்து நாள் போகமாட்டேன். எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்க வராது. எனக்கு வேண்டியது கையெழுத்து ஒன்றுதான். சம்பள நாளன்று எல்லார் முன்னாலும் பெருவிரலில் மை அப்பிக்கொண்டு நிற்கும் கேவலம் போதும் என்றிருந்தது. செங்கோட்டையன் என்று என் பெயரை வளைத்துப் போட வந்ததும் அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

மார்கழியில் வெள்ளியங்கிரி செத்துப்போனான். ஓடுகிற கார்டிங் மெஷின் அவனுடைய இடதுகையை முழங்கை வரை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். அவன் பெண்டாட்டி முத்தாத்தாள் வீட்டைக் காலி செய்துகொண்டு காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வீட்டை மேஸ்திரி லட்சுமணசாமி எனக்குக் கொடுத்தார்.

"டைம் ஆபீசுல வருகை எழுத ஒரு ஆள் வேணும்டா. மூணு மாசத்துல சுத்தமா எழுதப் பழகிக்க. அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றும் சொன்னார்.

இருமினால் எனக்குப் பஞ்சு வந்துகொண்டிருந்தது. என் அப்பன் வயதுக்கு நான் இருக்கமாட்டேன் என்று தெரியும். அந்த நாற்காலி கிடைத்தால் பிழைப்பேன். இல்லாவிட்டால் இல்லை.

வந்த மூன்றாம் நாள் உச்சியில் தூங்கி எழுந்தேன். கதவில் 'உப்பு' என்று எழுதியிருந்தது. அடியில் வெள்ளைத் தீற்றல். வெள்ளியங்கிரி எழுதி அழியாமல் நின்றது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சிலேட்டை எடுத்து உட்கார்ந்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பத்து வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது.

மறுநாள் 'கிணறு'. அதற்கடுத்த நாள் 'பசி'.

பொன்னாத்தாள் பக்கத்து வீட்டில் யாரையோ பிடித்து எனக்காக எழுதச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நாளுக்கு ஒரு சொல், சொல்லுக்குப் பத்து வரி. இரண்டு மாதத்தில் கை வசப்பட்டது. ஒரு நாள் எழுதாவிட்டால் விரல் அரித்தது. கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் தானாகவே வாய்க்குள் வந்து விழுந்தன.

ஒரு நாள் களியைத் தட்டில் போட்டுக்கொண்டே பொன்னாத்தாள் சொன்னாள்:

"ஏனுங்க, தெனமும் கதவுல கிறுக்கிப்போட்டுத் தூங்கறீங்க. தொடச்சுத் தொடச்சு எனக்குக் கை உட்டுப்போகுது."

"நானா எழுதறேன்?"

"பின்ன நானா? எனக்கு ஆனா ஆவன்னா தெரிஞ்சிருந்தா உங்களக் கட்டியிருப்பனா?"

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்தினாள். எழுந்துபோய் அன்றைய தீற்றலின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து வைத்தாள். என் கைக்கும் வெளியே அந்தத் தடம் நீண்டிருந்தது.

"எழுத்து தண்ணிக்குப் போயிருதுங்க" என்றாள், குரலை இறக்கி. "இந்தத் தடம் மட்டும் எண்ணெயாட்டம் பிசுக்குது. நீங்கதான் மில்லுக் கையோட தொட்டுப்போட்டீங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் நான் தூங்கவில்லை. அவள் துணி துவைக்கப் போயிருந்தாள். கதவை உள்ளே தாழிட்டு, பாயில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் கூரைத் தகரத்தில் அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. காக்கை கூடக் கத்தவில்லை. மில் ஓடும் இரைச்சல் மட்டும் தரைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

எண்ணெய் வாசம் வந்தது.

கதவு லேசாகப் பின்னால் அழுந்தியது. எழுதுகிற ஆள் கையை ஊன்றினால் அழுந்துமே, அப்படி. தாழ்ப்பாள் ஒருமுறை கடகடத்து நின்றது.

கிர்ர் என்று சத்தம்.

கருப்பின் மேல் ஒரு வெள்ளைக் கோடு வளைந்தது. அதன் பின்னாலேயே, அவசரமில்லாமல், அந்தத் தீற்றல் நகர்ந்து வந்தது.

சுண்ணாம்புக் கட்டி இல்லை. கையும் இல்லை.

'கை' என்று எழுதி முடிந்தது.

அன்று நான் எழுதவில்லை. எழுதுவதற்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான். மார்கழியில் நான் கண்ணால் பார்த்தது.

கார்டிங் மெஷினின் இரும்பு மூடி உடைந்து மூன்று வாரமாகக் கிடந்தது. நிறுத்திவிட்டுத் துடைக்கிறேன் என்றான் வெள்ளியங்கிரி. "ஓடறப்பவே தொடைடா, உங்க அப்பனா நூலுக்குப் பதில் சொல்லுவான்?" என்று லட்சுமணசாமி அதட்டினார். அவன் கையை நீட்டினான். பஞ்சு மூட்டையோடு நான் ஐந்தடி தள்ளி நின்றேன்.

அவன் செத்த மறுநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "அங்க இருந்ததுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே. முத்தாத்தாளுக்கு ஒத்தாசையா ஒரு காயிதம். போடு." அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டச் சொல்ல எனக்கு வெட்கம். பெருவிரல் வைக்கிறவன் கேட்கலாம். கையெழுத்துப் போடுகிறவன் கேட்டால் சிரிக்கமாட்டார்களா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளைத்துப் போட்டேன்.

கதவில் 'கை' வந்த அடுத்த வாரம் டைம் ஆபீசில் எனக்குப் பரீட்சை. ஆபீஸ் குமாஸ்தா ரங்கராஜ் பழைய கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவிப் போட்டார்.

"இத அப்படியே சுத்தமா ஒரு நகல் எடுப்பா. கிறுக்காம எடுத்தா இன்னைக்கே நாற்காலி."

படித்தேன். இப்போது எனக்குப் படிக்க வந்தது.

வெள்ளியங்கிரி என்கிறவர் குடித்திருந்தார் என்றும், மேஸ்திரி வேண்டாமென்று தடுத்தும் கேளாமல் தாமாகவே மூடியைக் கழற்றிக் கையை விட்டார் என்றும், இதை நான் நேரில் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தது. அடியில் பெருமையாக வளைந்து கிடந்தது என் பெயர். முத்தாத்தாளுக்கு நஷ்டஈடு இல்லாமல் போனதற்கும், வீடு போனதற்கும் அந்தப் பெயர்தான் காரணம்.

"என்னப்பா, எழுத்து புரியலயா?"

இருமல் வந்தது. துண்டில் துப்பினேன். பஞ்சோடு கொஞ்சம் சிவப்பும் இருந்தது.

"புரியுதுங்க" என்றேன்.

நகல் எடுத்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அடேயப்பா, அச்சடிச்சாப்பல இருக்குது! யாருகிட்டப் படிச்சே?" என்றார் ரங்கராஜ்.

நகலை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பொன்னாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. கதவில் அன்றைய சொல் காத்திருந்தது. மற்ற நாட்களை விடப் பெரிய எழுத்து.

'பார்த்தது'.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாத்தத எழுதி முத்தாத்தாளக்காவுக்கு அனுப்பிப்போடுங்க. அதக் காட்டி அது கேக்கட்டும்."

"எழுதினா வேல போயிரும் அம்மணி. ஊடும் போயிரும். மறுபடி பஞ்சுக்குள்ள போனா ஒரு வருசம் தாங்கமாட்டேன்."

கதவில் இருந்த எழுத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"செரி. அப்ப அவுரு எங்கீங்க போவாரு?"

வீட்டை மாற்றிக்கொண்டோம். தார்க் கதவு இல்லாத வீடாகப் பார்த்துப் போனோம். அந்த வீட்டுக் கதவில் எதுவும் எழுதப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், உச்சிச் சங்கு ஊதும்போது வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். வெற்றுப் பக்கத்தின் தலையில் அதே சொல், இந்தத் தடவை மையில். அதன் அடியில் உள்ளங்கை இழுபட்ட தடம்.

இரண்டு வருடம் ஆகிறது. தினமும் உச்சியில் அந்தச் சொல் வருகிறது; அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். ரங்கராஜ் பார்த்துவிட்டு, "ஏப்பா, உனக்கு இடதுகைப் பழக்கமா?" என்று ஒரு நாள் கேட்டார். இல்லைங்க என்றேன். இருமல் குறைந்திருக்கிறது. உடம்பு தேறியிருக்கிறது. பொன்னாத்தாள் மட்டும் உச்சி வேளையில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு நாளும் தவறாமல் நானும் எழுதிப் பார்க்கிறேன். பழக்கம் விடவில்லை. ஒன்பது வரி சரியாக வருகிறது. மூடி, மேஸ்திரி, அதட்டல், நீண்ட கை, எல்லாம் வருகிறது. பத்தாம் வரியில், நான் பார்த்தேன் என்று எழுதிப் பெயர் போட வேண்டிய இடத்தில், நாற்காலி ஞாபகம் வருகிறது. கிழித்துப் போடுகிறேன்.

இப்போது சங்கு ஊதிவிட்டது. ஆபீசில் யாருமில்லை. பதிவேட்டில் மை இன்னும் காயவில்லை. எண்ணெய் வாசம் அடிக்கிறது. என் பேனா இடதுபக்கம் நகர்ந்து கிடக்கிறது.

வெள்ளியங்கிரிக்கு நான் பட்ட கடன் பத்து வரி, அடியில் என் பெயர். இன்னும் கொடுக்கவில்லை.