விரிசல் பார்க்கிறவன்

அன்று ஒரு வளையத்தில்கூட விரிசல் இல்லை. ராஜவேலுவுக்கு அதுவே சரியாகப் படவில்லை. ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் பட்டறை அது. நூல் ஓடுகிற பீங்கான் வளையங்களை இருட்டறையில் பல்பு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அவன் வேலை. நல்ல வளையம் பால்போல் ஒளிரும். உள்ளே விரிசல் இருந்தால் மயிரளவு கறுப்புக் கோடு தெரியும். அந்த வளையம் என்றைக்கானாலும் உடையும். கூடைக்கு நாலைந்தாவது கழியும். அன்று எதுவுமே கழியவில்லை.

மழையில் நனைந்து வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. உள்ளே லீலா.

கோபித்துக்கொண்டு பெரணமல்லூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போன மனைவி. அவள் போனதில் தப்பே இல்லை. வேலைப் புத்தியை இவன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். தட்டை விளக்கில் பிடித்துப் பார்ப்பான். அவள் சொன்ன சொல்லையும் அப்படியே பார்ப்பான். கடைக்குப் போனவளுக்கு ஏன் இவ்வளவு நேரம், யாரோடு பேசினாள் என்று. இனி எதையும் சோதிக்க மாட்டேன் என்று மாமனார் வீட்டு வாசலில் நின்று சத்தியம் செய்தும் அவள் வரவில்லை. ஐப்பசி முழுக்கத் தனியாகப் பொங்கி, தனியாகத் தின்று, சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தான். இவள் மறுபடி போய்விட்டால் அவனுக்கு நாதியில்லை.

"எப்ப வந்த லீலா?"

"இப்பத்தாங்க. காபி குடிங்க."

கரண்ட் போயிருந்தது. அடுப்புத் தணலின் சிவப்பில் அவள் நிழல் சுவரெல்லாம் நீண்டு ஆட, ஈரக் களிமண் வாசனை அறையில் கனத்து நிற்க, அக்கம்பக்கத்துத் தறிகளெல்லாம் ஓய்ந்த அமைதியில் அவள் விரல் டம்ளரில் பட்ட சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கிண்ணென்று. சதை எழுப்புகிற சத்தம் இல்லை அது.

கேட்காதே, எதையும் கேட்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டம்ளரை வாங்கினான். அவள் விரல் பட்டது. சில்லென்று இருந்தது. கொதிக்கிற டம்ளரைப் பிடித்திருந்த விரல்.

சத்தியம் ஞாபகம் இருந்தது. இருந்தும் டார்ச்சை எடுத்தான். அவள் கையைப் பிடித்து, அடியிலிருந்து வெளிச்சம் அடித்தான்.

சதையின் சிவப்பு இல்லை. நரம்பு நிழல் இல்லை. பால் வெளிச்சம். மணிக்கட்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு.

"பாத்துட்டீங்களா?" என்றாள் லீலா. கோபமே இல்லை. கையை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்தாள்.

கை அவனிடமே இருந்தது.

"பயப்படாதீங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "இனிமே நான் எங்கயும் போவ மாட்டேன்."

அவன் பிடியில் இருந்த வெள்ளை விரல்கள் மெல்ல மடங்கி, அவன் விரல்களை இறுக்கிப் பிடித்தன.